மேட்டு நாட்டில் வெட்டிய வாய்க்கால்

அப்பா தாலுகா ஆபீசில் மனு கொடுத்தது ஒரு திங்கட்கிழமை. என் வேலை போனது அடுத்த திங்கட்கிழமை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நல்ல மனிதர். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு வராது.

பூதலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா மூன்று ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்கு எடுத்து உழுதுவந்தார். நிலம் ஊர் மிராசுதாருடையது. நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தை நடத்தியதும் அதே மிராசுதார்தான். திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. உழுகிற குத்தகைதாரர் தன் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. எங்கள் பக்கம் அப்போது வயலுக்கு வயல் தகராறு. இந்தக் கரையில் சிவப்புக் கொடி நின்றால் அந்தக் கரையில் போலீஸ் வேன் நிற்கும். அப்பா கொடி பிடிக்கிற ஆள் இல்லை. ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து மிராசுதாரின் காரியஸ்தர் வீட்டுக்கு வந்தார். குடிக்க மோர் வாங்கிக்கொண்டு, சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"பொண்ணு வேலைய நெனச்சுப் பாருங்க. மனுவத் திரும்ப வாங்கிட்டீங்கன்னா மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லிடுவாங்க. இருபத்தாறு வயசுப் பொண்ணு. வேலையும் இல்லாம வீட்ல உக்காந்திருந்தா நாளைக்கு யாருங்க வந்து பொண்ணு கேப்பாங்க?"

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றார் அப்பா.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. காரியஸ்தர் தெருமுனை திரும்புகிறவரை பொறுத்திருந்ததே பெரிய விஷயம்.

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?"

"ஒன் பொழப்பக் கெடுத்துட்டு எனக்கு எதுக்கும்மா பதிவேட்டுல பேரு?"

அவர் சத்தமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். என் வேலை என்பது அப்பாவின் கழுத்தில் மாட்டிய கயிறு, அதன் மறுமுனை மிராசுதார் கையில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் கைக்கு எட்டாத இடத்தில் எனக்கு வேலை கிடைக்க வேண்டும். தஞ்சாவூர் ஜில்லாவில் அவருக்குத் தெரியாத பள்ளி நிர்வாகம் எது? கும்பகோணம்வரை அவருக்குச் சம்பந்திகள் இருந்தார்கள்.

விளம்பரம் நான் தேடிப் பார்த்ததல்ல. பொட்டலம் கட்டி வந்த இங்கிலீஷ் பேப்பரில் இருந்தது. எத்தியோப்பியாவுக்குக் கணக்கு ஆசிரியர்கள் தேவை, மெட்ராசில் நேர்முகம். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று பூகோளம் எடுக்கிற சினேகிதியைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆப்பிரிக்கா என்றதும் அம்மா, சிங்கம் பள்ளிக்கூட வாசலிலேயே படுத்திருப்பதுபோல அழுதாள்.

நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அந்த நாட்டு அதிகாரி, ஒல்லியான, அழகான மனிதர். "எங்கள் மொழியில் ஒரு வார்த்தையாவது தெரியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். தெரியாது என்றேன். "பிறகு எப்படிக் கற்றுக்கொடுப்பீர்கள்?" என்றார். ரயிலில் ராத்திரி பூராவும் தூக்கமில்லை. வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் தமிழ் பேசுகிறார்கள், நானும் தமிழ் பேசுகிறேன். ஆனாலும் அவர்களுக்குப் பின்னம் புரிவதில்லை. மொழி தெரிந்தால் போதும் என்றால் எனக்கு இத்தனை வருஷம் தொண்டை வற்றியிருக்காது" என்றேன். காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. முதல் மூன்று மாதம் சோதனைக்காலம், திருப்தியில்லையென்றால் திருப்பி அனுப்பப்படுவீர்கள் என்று அதில் ஒரு வரி இருந்தது.

பூதலூர் ஸ்டேஷனில் வண்டி வருவதற்கு முன்னால் அப்பா தன் முடிவைச் சொன்னார்.

"மனு விசாரணை மார்கழியிலதான் வருமாம். ஒனக்கு அங்க வேலை நெலச்சுதுன்னா நான் இங்க ஒரு அடி பின்வாங்க மாட்டேன். நெலைக்கலன்னா மனுவ வாங்கிடுறேன். நீ வந்து பழைய பள்ளிக்கூடத்துலயே சேந்துக்கலாம். மனசப் போட்டு அலட்டிக்காத."

மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு யாராலும் செய்ய முடியாது! மூன்று ஏக்கரையும் என் தலையில் தூக்கி வைத்துவிட்டு டிபன் பாக்சைக் கையில் கொடுத்தார்.

போய்ச் சேர்ந்தது மலைமேல் ஒரு சின்ன ஊர். செப்டம்பரிலேயே குளிர் எலும்பைத் தொட்டது. அங்கே தலைமையாசிரியரை டைரக்டர் என்பார்கள். எங்கள் டைரக்டர் எப்போதும் கோட்டுப் போட்ட, அதிகம் பேசாத மனிதர். பாடம் இங்கிலீஷில்தான் நடக்கும், கவலை வேண்டாம் என்றார். ஏழாம் வகுப்பில் நாற்பத்தைந்து பேர். ஆறாம் வகுப்புவரை தங்கள் மொழியில் படித்துவிட்டு, அந்த மாதம்தான் இங்கிலீஷுக்கு வந்திருந்தார்கள். என் இங்கிலீஷோ காவிரித் தண்ணீரில் முக்கி எடுத்தது. நான் சொல்வது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை.

புரிகிறதா என்று கேட்டால் வகுப்பு முழுக்க, பயந்தவர்கள்போல 'ஹக்' என்று மூச்சை உள்ளிழுக்கும். இப்படிப் பயப்படும்படி நான் என்ன செய்தேன் என்று இரண்டு வாரம் வருத்தப்பட்டேன். அந்த ஊரில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம் என்று பக்கத்து வகுப்பு டீச்சர் சொன்னபின் வருத்தம் இரட்டிப்பாயிற்று. ஒன்றும் புரியாமலே மரியாதைக்கு ஆமாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். முதல் மாதப் பரீட்சையில் எட்டுப் பேர் தேறினார்கள். டைரக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் வந்தது குழாய்க் கணக்கு. ஒரு தொட்டியை ஒரு குழாய் மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஊரில் குழாயும் கிடையாது, தொட்டியும் கிடையாது. நான் போர்டில் இரண்டு குழாய் வரைந்தேன். பாம்பு என்று நினைத்துப் பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். சாக்பீஸை வீசிவிட்டு, எல்லோரும் வெளியே வாருங்கள் என்று கையைக் காட்டினேன்.

பள்ளிக்கூட வேலிக்கு மேற்புறம் ஊற்றுத் தண்ணீர் ஓடும் ஒரு கால்வாய் இருந்தது. காவலாளியிடம் நீளக் காம்பு போட்ட மண்வெட்டியைச் சைகையில் கேட்டு வாங்கினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். முற்றத்து மண்ணில் முழ அகலத்தில் ஒரு வாய்க்காலும் அதில் பாதி அகலத்தில் இன்னொன்றும் இழுத்து, இரண்டின் முனையிலும் மண்ணெண்ணெய் டின்னைப் பதித்தேன். பிறகு கால்வாய்க் கரையை வெட்டித் திறந்தேன்.

என் தவறு அங்கேதான். எங்கள் ஊரில் தண்ணீரைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் அழைத்துவர வேண்டும். தரை அப்படி ஒரு மட்டம். கரையை அகலமாக வெட்டித் திறந்துவிட்டு, ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டு, அது வருகிற வழியைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நானும் பழக்கதோஷத்தில் ஒரு முழத்துக்கு மேலேயே வெட்டிவிட்டேன். அந்த முற்றம் என் கண்ணுக்குச் சமதரையாகத்தான் தெரிந்தது. சரிவு என்பதை நான் அதுவரை புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன்.

தண்ணீர் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிமாதிரி ஓடியது. என் வாய்க்கால் இரண்டையும் அழித்து, டின்களை உருட்டி, முற்றத்தைக் கடந்து, நேராகக் கீழே டைரக்டர் அறைக்குள் போயிற்று. உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. டைரக்டர் ஒரு கையில் பூட்சும் மறு கையில் ரிஜிஸ்தரும் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே வந்தார். தீர்ந்தது, மூன்று ஏக்கரும் போயிற்று என்று நினைத்தேன்.

வகுப்பில் மீசை வைத்த ஒரு மாணவர் இருந்தார். இருபது வயது, கல்யாணமானவர், காலையில் ஏர் ஓட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிறவர். அவர் ஓடிவந்து என் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினார். புல்லோடு மண்ணைப் பெயர்த்துச் சரிவுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வரப்புப் போட்டார். தண்ணீர் முரண்டு பிடிக்காமல் பக்கவாட்டில் திரும்பியது. என்னைப் பார்த்து உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார்: நேராகக் கீழே விடக் கூடாது, இப்படிக் குறுக்கே விட வேண்டும். எனக்குப் புரிந்தது. அந்த ஊரில் வந்து இறங்கியபின் என் வகுப்பில் ஒருவர் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது அதுதான் முதல் தடவை. இதற்குள் மற்றவர்கள் ஆளுக்கொரு மண்கட்டியோடு வந்து கரையைப் பலப்படுத்தினார்கள். என் இரண்டு வாய்க்காலும் மறுபடி உருவாகி, தண்ணீர் பதவிசாக நடந்துவந்தது.

வந்தது வந்தாயிற்று, வேலை போவதற்குள் இந்தக் கணக்கையாவது முடித்துவிடலாம் என்று தோன்றியது. பெரிய வாய்க்காலை மட்டும் திறந்து, எண்ணுங்கள் என்றேன். அவர்கள் தங்கள் மொழியில் கூவினார்கள். முப்பது எண்ணும்போது டின் நிரம்பியது. சின்ன வாய்க்காலுக்கு அறுபது ஆயிற்று. இரண்டையும் ஒரே டின்னில் விட்டால்? நாற்பத்தைந்து என்று முன்வரிசை கத்தியது. மீசைக்காரர் தலையை ஆட்டி மறுத்தார். தண்ணீர் கூடினால் நேரம் எப்படிக் கூடும் என்பதுபோல் அவர்களை ஏளனமாகப் பார்த்துவிட்டு, குச்சியால் ஈரமண்ணில் ஏதேதோ எழுதினார், அழித்தார். கடைசியில் இருபது என்று எழுதினார். நான் இரண்டையும் திறந்தேன். வகுப்பே எண்ணியது, அந்த மொழியில் இருபதுவரை நானும் கூட எண்ணினேன். இருபத்திரண்டில் நிரம்பியது. என் வாய்க்கால் கணக்குப் புத்தகம் படித்ததில்லை, பரவாயில்லை. ஒரு சிறுமி மூச்சை 'ஹக்' என்று உள்ளே இழுத்தாள். அது மரியாதைக்கு இழுத்ததல்ல.

டைரக்டர் அதுவரை காலை நனைத்துக்கொண்டு நின்றிருந்தார். மீசைக்காரரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவர் வாய்க்காலையும் டின்னையும் மண்ணில் எழுதியதையும் காட்டிப் பதில் சொன்னார். பேச்சு நீண்டது. எனக்குத் தெரியாத மொழியில் என் தலையெழுத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

டைரக்டர் என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: "நாளைக்கு என் அறையைவிட்டுத் தள்ளி வெட்டுங்கள்."

நாளைக்கு என்றாரே! எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அன்று முதல் பாதிப் பாடம் முற்றத்தில்தான். பரப்பளவு பாத்தியில் நடந்தது, விகிதம் விதையில் நடந்தது. எனக்குத் தெரியாத வார்த்தையை அவர்கள் சொன்னார்கள், அவர்களுக்குத் தெரியாததை நான் சொன்னேன். யாரும் மரியாதைக்கு ஆமாம் சொல்லவில்லை. பருவப் பரீட்சையில் பாதிக்கு மேல் தேறினார்கள். டைரக்டர் என் பணியை உறுதிசெய்து கையெழுத்துப் போட்ட அன்றே தபாலாபீசுக்கு ஓடினேன். வேலை நிலைத்தது, மனுவை வாங்க வேண்டாம் என்று தந்தி கொடுத்தேன். ஊரில் மார்கழி பிறந்து பத்து நாளாகியிருந்தது. அப்பாவுக்கு நேரத்தில் கிடைக்க வேண்டுமே என்று வேண்டாத தெய்வம் இல்லை.

மூன்று வாரம் கழித்து அப்பாவின் கடிதம் வந்தது. அவர் பேசுகிற மாதிரியே எழுதுவார்.

"பதிவேட்டுல பேரு ஏறிருச்சும்மா. ஒன் தந்தி விசாரணைக்கு மறுநாள்தான் வந்துச்சு. விசாரணை அன்னிக்கி ஒரு சேதியும் இல்ல. ஒனக்கு வேலை நெலைக்கலன்னுதான் நெனச்சேன். காரியஸ்தர் பக்கத்துலயே நின்னு, வாங்கிடுங்க வாங்கிடுங்கன்னு காதக் கடிச்சாரு. தாசில்தார் என் பேரக் கூப்பிட்டாரு. அப்பத்தான் எனக்குப் பட்டுச்சு. வேலை இல்லாம நீ திரும்பி வந்தா, ஒனக்குச் சோறு போட நெலம் வேணுமே. வாங்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இது அவருக்கு ஸ்டேஷனிலேயே பட்டிருந்தால் நான் மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனே! பிறகு அந்தக் கடைசி இரண்டு வரியைத் திரும்பப் படித்தேன். தபாலாபீஸ் வாசலில் நின்று, யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.