வெயில் இறங்கும் நேரம்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறவன் இந்திரஜித். பொன்னையா கங்காணியின் பேரன், வீரசிங்கத்துக்கும் வடிவம்மாவுக்கும் மூத்த பிள்ளை. வீரசிங்கம் முந்தியே போய்விட்டார். தங்கச்சி விதுர்ஷாவைப் பூனாகலையில் கட்டிக்கொடுத்த கையோடு வடிவம்மாவும் கண்ணை மூடினாள். பெண் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தைமாரும் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வரிசை வீடுகளான லயத்தில், அந்த ஒற்றை அறைக் காம்பராவில் இப்போது அவன் ஒருத்தன்தான். சோறாக்கினால் மிஞ்சுகிறது என்று பாதி நாள் கடையில் வாங்கிய பாண் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வான்.

பதுளை பஸாரில் தாஸிம் நானா கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து வைத்திருந்தான். அதில் அவன் ஆடியதும் லொறி ஓட்டுகிற விளையாட்டுத்தான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களுக்கு அது போதாதா?

"பகல்ல ஓட்டுறது பத்தாம அந்தியிலயும் லொறிதானாமே தம்பி? அதுக்காச்சும் ஓவர்டைம் குடுக்குறாங்களா?" என்பாள் வசந்தி அக்கா.

"அந்த லொறியில நீங்க யாரும் ஏற மாட்டீங்கல்லக்கா, அதுவே பெரிய சம்பளம்."

அந்த லொறிக்குப் பின்னால் இன்னொரு லொறி வரும் என்பதை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை. இன்டர்நெட் வழியே கூட ஆடும் சிவஞானம்தான் அதை ஓட்டுகிறவன். இந்தியாவில் லால்குடிப் பக்கம். முகம் பார்த்ததில்லை, ஹெட்போனைக் காதில் மாட்டினால் குரல் கேட்கும், அவ்வளவுதான். பொன்னையா கங்காணியின் அப்பனும் லால்குடியிலிருந்துதான் கப்பலேறி வந்தவர். இந்திரஜித் அதைச் சொன்னபோது, "அப்ப நீங்க நமக்குப் பங்காளியாக்கூட இருப்பீங்கண்ணே" என்று சிவஞானம் சிரித்தான். சிரிப்புக்குச் சொன்ன சொல்தான். இந்திரஜித் அதை எடுத்து வைத்துக்கொண்டான்.

விளையாட்டில் வெளிச்சம் செத்துக் கிடந்தது. காலையும் மத்தியானமும் ஒரே நிறம். அதைத் திருத்துகிற 'மோட்' ஒன்றைச் சிவஞானம் தேடிப் பிடித்தான். விளையாட்டோடு ஒட்டவைக்கிற சேர்க்கை அது. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்பது, பனி எவ்வளவு மூடுவது, நிழல் எவ்வளவு தூரம் விழுவது, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு எண். ஒருத்தன் எண்ணை மாற்றி அனுப்புவான், மற்றவன் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வான். அப்படியே அந்திகள் கழிந்தன.

ஒரு நாள் சிவஞானம் சொன்னான்: "அண்ணே, சிங்கப்பூர்ல வேலை கெடச்சிருச்சு. கம்ப்யூட்டர தங்கச்சிக்கிட்ட குடுத்துட்டுப் போறேன். அதுக்குள்ள உங்க ஊரு வெளிச்சம் ஒண்ணு பண்ணிருவோமா? எந்த நேரம் வேணும், சொல்லுங்க."

இந்திரஜித் யோசிக்கவே இல்லை. "வெயில் எறங்குற நேரம் தம்பி. எங்க லயத்துக்கு மேல வெயில் எறங்கும் பாருங்க, அது போதும்."

மறுநாள் வந்ததைத் திறந்து பார்த்தான். மலையெல்லாம் செம்மஞ்சள், வானம் சிவப்பு, வீடுகளில் விளக்கு. அந்தி. அந்தி என்றால் அவனுக்குக் காம்பராக் கதவைத் திறந்து, உள்ளே யாருமில்லாததைப் பார்க்கிற நேரம். போகிறவன் ஏனோதானோவென்று எதையோ அனுப்பிவிட்டான் என்று நினைத்தான். "நல்லாருக்கு" என்று ஒரு சொல் எழுதிப்போட்டான். சிவஞானம் கூப்பிட்டான். இவன் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. பிறகு கூப்பிடுவதும் நின்றது.

கொஞ்ச நாள் கழித்து, குளிர் விறைக்கும் ஒரு காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மலைக்கு ஏற நின்ற வசந்தி அக்கா கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னாள்: "கொஞ்சம் வெயில் எறங்கட்டும் தம்பி, வெரலு மடங்க மாட்டேங்குது."

இந்திரஜித் அண்ணாந்து பார்த்தான். சூரியனைக் கிழக்கு மலை மறைத்து நின்றது. அதன் நிழலில் லயமும் ரோட்டும் கிடந்தன. எதிர்மலை உச்சியில் மட்டும் வெயில். அங்கிருந்து அது சரிவு சரிவாகத் தேயிலைமேல் இறங்கி வந்துகொண்டிருந்தது. இங்கே காலையில்தான் வெயில் இறங்கும். லால்குடி வயற்காட்டில் மலைக்கு எங்கே போவது? அங்கே காலை வெயில் ஏறும். இறங்கினால் பொழுது சாய்ந்ததென்று அர்த்தம். அந்தப் பிள்ளை சொன்னபடிதான் செய்திருக்கிறான்.

லொறியில் சாய்ந்து நின்றபடி, வெயில் லயத்துக் கூரைக்கு வந்து சேரும்வரை போனில் படம் பிடித்தான். கூடவே பேசி அனுப்பினான்: "கோவிச்சுக்காதீங்க தம்பி. எங்க ஊர்ல வெயில் காலையிலதான் எறங்கும். எனக்குத்தான் சொல்லத் தெரியல."

பகலெல்லாம் பதில் இல்லை. போய்விட்டானாக்கும் என்று நினைத்தான். மறுநாள் அந்திக்குத்தான் வந்தது. ஒரு கோப்பும் நாலு வரியும்.

"அண்ணே, நிழல் விழுற தூரத்தக் கூட்டிட்டேன். அப்பதான் அந்த மலையோட நிழல் உங்க லயம் வரைக்கும் வருது. உங்க பழைய கம்ப்யூட்டர் தெணறும். மெதுவா ஓட்டுங்க பங்காளி. நான் கெளம்பிட்டேன்."

இந்திரஜித் விளையாட்டைத் திறந்தான். ரோடு நிழலுக்குள் கிடந்தது. உச்சியில் ஒரு கீற்று வெயில். கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது, படம் நின்று நின்று நகர்ந்தது. வழக்கம்போலத் திருப்பத்தில், பின்னால் இன்னொரு வண்டி நிற்க இடம் விட்டு ஓரம் கட்டினான். கண்ணாடியில் பார்த்தான். ரோடு வெறுமனே இருந்தது.

வெயில் இறங்கி ரோட்டைத் தொடும்வரை நின்றான். அப்புறம் வண்டியை எடுத்தான், மெதுவாக.