பல் வெட்டின ஸ்டாம்புகள்

போன வாரம் எதிர் குவார்ட்டர்ஸ் டீச்சரம்மா வீட்டுக்கு உறைமோர் கேட்டுப் போனேன். சாப்பாட்டு மேசையில் ஒரு பேசின் தண்ணீர், அதில் சின்னச் சின்னக் காகிதங்கள் மிதந்தன. ஸ்டாம்புகள். கவரோடு வெட்டியதை ஊறப்போட்டு உரித்துக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆன பிறகு பொழுது போக இதைப் பிடித்துக்கொண்டாராம். கிட்டே போனதும் அந்த வாசனை வந்தது. ஊறின கோந்து. வடித்த கஞ்சியில் கொஞ்சம் மை கலந்த மாதிரி இருக்கும். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்கு அது பத்தொன்பது வயசு வாசனை.

டீச்சரம்மா தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். உலகத்து ஸ்டாம்புக்கெல்லாம் விலை போட்ட கேட்டலாக்காம்.

"ஆயா, இந்த ராஜா தலை போட்டது நூறு வருஷத்துக்கு மேல ஆனது. பக்கத்துல இருக்கற ஜெர்மன் ஸ்டாம்பு அறுபது வருஷத்துதுதான். எதுக்கு விலை ஜாஸ்தி, சொல்லுங்க பார்க்கலாம்?"

"இந்தப் புதுசுக்குத்தான்" என்றேன்.

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"அது தடி கவர்ல ஒட்டறது டீச்சர். தடி கவரை யாரும் எடுத்து வைக்கறதில்ல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் வாயில் இது எப்படி வந்தது என்று அவருக்கு ஆச்சரியம். எனக்கோ வெட்கமாகிவிட்டது. உறைமோரை வாங்காமலே வந்துவிட்டேன். அன்றைக்குத் தயிர் இல்லை. மகளிடம் காரணம் சொல்லவும் வெட்கம்.

அது என் புத்தி இல்லை. செல்லையா சார் சொன்னது.

அப்போது நெய்வேலியில் பாதி ரோடு, பாதி செம்மண். முந்திரிக்காட்டை வெட்டி வெட்டி பிளாக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் நின்றால் நாலு ஜில்லாப் பேச்சு காதில் விழும். எங்கள் ஊர் கம்மாபுரம் பக்கம். மைன்ஸுக்கு நிலம் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். நிலம் இருந்தவர்களுக்குப் பணம் வந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களுக்கு என்ன போச்சு என்று எழுத எந்த பாரத்திலும் இடம் இல்லை. எங்களுக்கு ஒரு குழி மண் கிடையாது. நான் ஒரு ஆபீசில் தினக்கூலிக்குக் கூட்டிப் பெருக்கப் போனதில்தான் வீட்டில் உலை வைத்தார்கள்.

என்னோடு பெருக்கினவள் அந்தோணியம்மா. கடலூர்க்காரி. அவள் வாய்க்கு அந்த ஆபீசே பயப்படும். நான் அதற்கு நேர் எதிர். ஆம்பிளை யாராவது பேர் கேட்டால் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "இன்னாடி, தொடப்பத்துக்கா உம் பேரு தெரியும்?" என்பாள் அந்தோணியம்மா.

சாயந்தரம் குப்பைக்கூடைகளைச் சாக்கில் கொட்டி, பின்னால் ஒரு பள்ளத்தில் போட்டு எரிக்க வேண்டும். ஒருநாள் நெருப்பு வைக்கும் நேரத்தில் தபால் செக்‌ஷன் செல்லையா சார் வந்து நின்றார். திருநெல்வேலிக்காரர். முப்பது வயசு இருக்கும். ஆபீசில் பாடம் படிக்கிற மாதிரி ஒரு சீரான பேச்சு. ஊர்ப்பேச்சு வராமல் பார்த்துக்கொள்வார்.

"கவரை எரிக்கறதுக்கு முன்னாடி ஸ்டாம்பை மட்டும் எடுத்துக் குடுப்பியாம்மா? நான் சேர்க்கறேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். பூப்போட்டது, பறவை போட்டதுதான் கேட்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"அழகா இருக்கறதை எல்லாரும் எடுத்து வைப்பாங்க. எல்லார்கிட்டயும் இருந்தா அதுக்கு ஏது விலை? ஜெர்மனியிலேர்ந்து மெஷின் படம் வருது பார், தடி கவர், அதைப் பார். கனத்துக்குத் தகுந்த மாதிரி பெரிய விலை ஸ்டாம்பா ஒட்டியிருப்பான். சேர்க்கறவன் அவ்வளவு குடுத்து வாங்க மாட்டான். வாங்கி ஒட்டறது ஆபீஸ்காரன், பிரிச்சுப் போடறதும் ஆபீஸ்காரன். இன்னிக்கு அதை யாரும் சீந்த மாட்டாங்க. பின்னாடி தேடுவாங்க, கிடைக்காது."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. யாரும் சீந்தாததற்கு ஒரு விலை உண்டு என்று யாராவது சொன்னால் பிடிக்காதா?

அவர் கேட்டதற்கு மேலேயே செய்ய வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. கவரோடு கிழித்து வீட்டுக்குக் கொண்டுபோய், சட்டியில் ஊறப்போட்டு உரித்து, முறத்தில் காயவைத்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. எனக்குச் சங்கடம். சிரிக்காதீர்கள். நான் அதுவரை தனி ஸ்டாம்பை வாங்கினதே இல்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தபால் கார்டு. அதில் ஸ்டாம்பு அச்சிலேயே இருக்கும், ஓரம் நறுவிசாக இருக்கும். இந்தப் பல்லெல்லாம் யாரோ அவசரத்தில் கிழித்த கிழிசல், சினிமா டிக்கெட் மாதிரி என்று நினைத்துவிட்டேன்.

அந்தோணியம்மாவிடம் தையல் கத்தரிக்கோல் இரவல் வாங்கினேன். ஒவ்வொன்றாக நாலு பக்கமும் நேராக நறுக்கினேன். பல் ஒன்று இல்லை. ஒரு பவுடர் டப்பா நிறைந்ததும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஆபீஸ் கேட்டில் பிடித்துவிட்டார்கள். கொஞ்ச நாளாகவே ஒரு பேச்சு இருந்தது, யாரோ பழைய ஸ்டாம்பில் மையைக் கழுவிக் கடைகளில் விற்கிறார்கள் என்று. வாட்ச்மேன் டப்பாவைத் திறந்தார், மோந்து பார்த்தார், நேரே ஆபீசர் ரூமுக்குக் கூட்டிப்போனார்.

அந்த வாரம்தான் தினக்கூலிக்காரர்களில் யாரைப் பர்மனென்ட் ஆக்குவது என்று லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார்கள். லிஸ்ட் அந்த மேசையிலேயே இருந்தது. என் பேர் அதில் இருப்பதாக அந்தோணியம்மா விசாரித்து வைத்திருந்தாள். திருடி என்று ஒரு வார்த்தை விழுந்தால் பேரை அடிக்க ஒரு கோடு போதும்.

"யார் எடுக்கச் சொன்னாங்க?" என்றார் ஆபீசர்.

நான் வாய் திறக்கவில்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிற பெரிய மனசெல்லாம் இல்லை. நாக்கு எழவில்லை. ரூமுக்குக் கூப்பிட்டு நிறுத்தின ஆபீஸ்காரர்களில் செல்லையா சார் மூணாவது ஆளாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அப்போது புது வேலை. ஊரிலிருந்து பெண்டாட்டியும் கைக்குழந்தையும் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

வாசலிலிருந்து அந்தோணியம்மா கத்தினாள். "சொல்லேன்டி! வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு இருக்க?"

ஆபீசர் டப்பாவை மேசையில் கொட்டினார். "செல்லையா, தபால் செக்‌ஷன் நீங்கதானே? மை கழுவியிருக்கான்னு பாருங்க."

செல்லையா சார் குனிந்தார். விரலால் கிளறினார். ஒரு பெரிய பழுப்பு ஸ்டாம்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தடி கவரில் வந்தது. அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

"ஏட்டி! என்ன காரியம்ட்டி பண்ணி வச்சிருக்க? பல்லு பூராத்தையும் வெட்டிட்டியே, பாவி! இதுக்கா உங்கிட்ட எடுத்துத் தரச் சொன்னேன்?"

அவருக்கே அப்புறம்தான் உறைத்தது.

"நீங்களா சொன்னீங்க?" என்றார் ஆபீசர்.

"ஆமா சார். நான்தான்." குரல் இறங்கிப்போய்விட்டது. பிறகு என்ன தோன்றியதோ, அந்த ஸ்டாம்பை ஆபீசர் முன்னால் வைத்தார். "பல்லு இல்லாத ஸ்டாம்பை எந்தத் தபாலாபீஸ்ல சார் எடுப்பான்? விக்கறவ பல்லை வெட்டுவாளா?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். "ஏம்மா வெட்டுனே?"

"கிழிசல்னு நெனச்சேங்க."

அந்த ரூமில் நான் பேசின முதல் பேச்சு அது. எல்லாரும் சிரித்தார்கள். வாட்ச்மேன்கூடச் சிரித்தார். லிஸ்டில் யாரும் கோடு போடவில்லை. செல்லையா சாருக்கு மட்டும் ஒரு மெமோ வந்தது.

பத்துப் பதினைந்து நாள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்தோம். அவர் சேர்க்க நினைத்ததைக் கெடுத்து, மெமோவும் வாங்கிக்கொடுத்தேனே என்று எனக்கு. ஒருநாள் கூடையை எடுக்கும்போது அவராகவே சொன்னார். "ஸ்டாம்புக்குத் தெறந்த வாய் அன்னிக்கு உனக்குத் தெறக்கல பாத்தியா, பிள்ள. அதை நெனச்சா தூக்கம் வரமாட்டேங்கு." ஊர்ப்பேச்சிலேயே சொன்னார். பரவாயில்லை சார் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பயம் என்ன, எனக்கு மட்டுமா சொந்தம்?

பர்மனென்ட் ஆர்டர் ரிஜிஸ்தர் தபாலில்தான் வீட்டு விலாசத்துக்கு வரும் என்றார்கள். "நீ தொடைக்கற மேசையிலேர்ந்து உன் வூட்டுக்கு வர, அது பஸ் ஏறி ஊரெல்லாம் சுத்திகினு வரணுமாம்டி" என்று அந்தோணியம்மா சிரித்தாள். மழைநாள். போஸ்ட்மேன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போட்டேன். இங்கிலீஷில் இருந்ததை அவரே படித்துச் சொன்னார். அப்பா வெளியே போய் மழையில் நின்றார். போஸ்ட்மேனுக்கு வெல்லக் காப்பி போட அம்மா அடுப்பு மூட்டினாள். விறகு ஈரம். கையில் கிடைத்த கவரைச் சுருட்டிப் பற்றவைத்தாள்.

பற்றின பிறகுதான் பார்த்தேன். ஐந்தாறு ஸ்டாம்பு, ஒவ்வொன்றும் வேறு வேறு படம். ஒன்றை ஒன்று தொடாமல் கோடு பிடித்த மாதிரி ஒட்டியிருந்தது. ஒரே ஸ்டாம்பு ஒட்டினால் முடிகிற காரியம்.

மறுநாள் செல்லையா சார் கேட்டார். "கவர் வந்துச்சா?"

"ஆர்டர் வந்துச்சுங்க சார்."

"கவரு?"

"காப்பி போட அடுப்புல போச்சுங்க."

"சரி, போகட்டும். காப்பியாவது நல்லா இருந்துச்சா?"

நல்லா இருந்தது என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த வருஷம் அவர் வேறு வேலை கிடைத்துத் தெற்கே போனார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஆர்டரை வைத்து ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்தேன். அந்தக் காகிதம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. ஆனால் அதில் என் பேரும் வேலையும்தான் இருக்கும். ஊர்ப் பேர் கவரில்தான் எழுதியிருந்தது, தெருவோடு, செல்லையா சார் கையெழுத்தில். எங்கள் ஊரையும் பிறகு மைன்ஸ் எடுத்துக்கொண்டது. கோயிலும் இல்லை, கிணறும் இல்லை, பஸ் நிற்கிற இடமும் இல்லை. அந்தப் பேர் எழுதி முத்திரை குத்தின கவர் எங்கேயாவது ஒன்று மிச்சம் இருக்குமா, தெரியவில்லை. எங்களுக்கு வந்த ஒன்றில் நாங்கள் காப்பி போட்டுக் குடித்துவிட்டோம்.