நான்காவது பாட்டில் குறைந்த சத்தம்

நானும் பந்தல்குடியில் உரக்கடை வைத்திருக்கும் என் நண்பனும் கல்லூரி நாளிலிருந்து ஒரே வெளிநாட்டு ராக் குழுவுக்கு ரசிகர்கள். புது ஆல்பம் வந்தால் இருவரும் சேர்ந்துதான் முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். ஒன்பது ஆல்பங்களை அப்படித்தான் கேட்டிருக்கிறோம். பத்தாவது போன மாதம் வந்தது. பதினோரு பாட்டு. ஞாயிறு வரும்வரை ஆறு நாள், கைப்பேசியில் அதைத் தொடாமல் பொறுத்திருந்தேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். கடையை அடைத்துவிட்டு யூரியா மூட்டைகள் மேல் உட்கார்ந்து கேட்டோம். ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துக்கு மார்க் போட்டோம். நான்காவது பாட்டு மெல்லிய கிட்டாருடன் ஆரம்பித்தது. நண்பன் கை நீட்டி ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தான். இரண்டே விநாடியில், குறைத்த சத்தத்திலும் கடை அதிரும்படி டிரம்ஸ் இறங்கியது.

“ஏலே, நீ முந்தியே கேட்டுட்ட,” என்றேன்.

“மருமகன் கார்ல போட்டுட்டாருலே. நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்ல?”

“எத்தன தடவ?”

“மூணு.”

“மத்த ரெண்டு தடவையும் அவுகதான் போட்டாகளா?”

அவன் ஸ்பீக்கரை அணைத்தான். முதல் மூன்று பாட்டையும் புதிதாகக் கேட்பவன் போலத் தலையாட்டிக் கேட்டு, அரை மார்க்குக்காக என்னோடு வாதாடியவன் அவன். நான் செருப்பை மாட்டினேன்.

“இருலே, எட்டாவதுதான் இருக்கறதுலயே நல்ல பாட்டு,” என்றான்.

அதையும் சொல்லிவிட்டான். மிச்சம் ஏழு பாட்டையும் நான் இன்னும் கேட்கவில்லை.