ஒரு பாக்கெட் நாலு நாள்

புற்றுநோய்ச் சிகிச்சையில் என் மனைவிக்கு வாயெல்லாம் புண். பாலில் நனைத்த பிரெட் மட்டும்தான் உள்ளே இறங்கியது. வாங்கி வைத்தால் இரண்டாம் நாளே பூஞ்சை பிடித்தது. அதனால் தினமும் காரிமங்கலம் பேக்கரிக்கு வண்டியில் போய் வந்தேன். போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும்.

கல்லாவில் ஓர் அம்மா இருப்பார். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காதுக்குப் பதிலாக நூல் கட்டியிருப்பார். எந்தப் பாக்கெட்டையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் தருவார்.

ஐந்தாம் நாள் கேட்டார்: "வூட்ல யாருக்குங்க முடியல?"

சொன்னேன்.

"ஒரு பாக்கெட்டு நாலு நாளைக்கு வருங்க. ரெண்டு ரெண்டு துண்டா கவர்ல காத்து போகாம கட்டி ஃப்ரீசர்ல வெச்சிருங்க. வேணுங்கறப்ப எடுத்து இட்லிப் பானை ஆவியில காட்டுனா பூவாட்டம் ஆயிரும்."

"உங்க வியாபாரம் கொறையுமேங்க?"

"கொறையட்டும். இங்க வந்து போற நேரத்துக்கு அவங்க பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன். பேச முடியாத மனைவி என் கையைப் பிடித்தபடி படுத்திருப்பாள். இப்போது தேறிவிட்டாள், களியே சாப்பிடுகிறாள்.

அந்த அம்மாவுக்கு யார் பக்கத்தில் உட்கார நேரமில்லாமல் போனதோ, கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.