சோதனைப் பதிவில் என் முகம்

பாப்பிரெட்டிப்பட்டியில் பலருக்கு இணையவழி விண்ணப்பங்கள் நிரப்பித் தருவதை ஒரு சமூகக் கடமையாகவே கருதிவந்தேன். என் மீதிருந்த நம்பிக்கையில்தான் பக்கத்துத் தெரு செல்வி அக்கா, மறுநாள் காணொளி நேர்காணலுக்கு லேப்டாப் கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க என்னை அழைத்தார்.

படம் கறுப்பாகவே வந்தது. திரையின் மேல்விளிம்பைத் தடவியபோது, கேமராவின் மீது ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

"யாராச்சும் உள்ள பூந்து பாப்பாங்களாமே, அதான் ஒட்டி வெச்சேன். சிரிக்காதீங்க தம்பி" என்றார்.

பொட்டைப் பெயர்த்துவிட்டுச் சோதனைக்காக வீடியோ பதிவைத் தொடங்கினேன். அவர் டீ போட உள்ளே போனார். பதிவு ஓடுவதை மறந்து, எந்தத் தேவையும் இல்லாமல், அவருடைய படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தேன். ஈரக் கூந்தலோடு தனக்காக மட்டும் அவர் எடுத்துவைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காலடிச் சத்தம் கேட்டதும் மூடினேன்.

"பதிவாயிருக்குதுங்களா? போட்டுக் காட்டுங்க."

திரை முழுக்க என் முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது. நடுவில் ஒருமுறை சமையலறைப் பக்கம் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு மறுபடி குனிந்தேன்.

"அப்படி என்னத்தத் தம்பி உத்து உத்துப் பாக்குறீங்க?"

"செட்டிங்ஸ்" என்றேன்.

"பாவம், எனக்காக எவ்ளோ மெனக்கெடுறீங்க" என்று டீயை நீட்டினார்.

அவருக்கு அந்த வேலை கிடைத்தது. உண்மையைச் சொன்னால் இனி எந்தக் கேமரா முன்னும் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது என்று எண்ணி, இன்றுவரை சொல்லவில்லை. அந்த மௌனம் அவருக்காகவா, எனக்காகவா என்று கேட்டுக்கொள்ளும்போதெல்லாம் அந்த முகம்தான் முன்னால் வருகிறது.