ஒரே கிளிக்கில் மறைந்த கோடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருப்பூரில் குழந்தைகள் உடை ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் நடந்தது இது. நான் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் சொல்வதைத் தையல் லைனுக்குக் கொண்டு சேர்ப்பது என் வேலை.

எனக்கு ஒரு வியாதி உண்டு. கம்ப்யூட்டரில் எழுத்து ஒழுங்காக இல்லாவிட்டால் கை அரிக்கும். அப்போது தைக்க வந்திருந்தது கைக்குழந்தைகளுக்கான, தொப்பி வைத்த சட்டை. சாம்பிளைப் பார்த்துவிட்டு பையர் திருத்தி அனுப்பிய வேர்டு ஃபைலைத் திறந்தால், ஒரு வரி சிவப்பு, ஒரு வரி பச்சை, நாலு விதமான எழுத்து. பொறுக்கவில்லை. முழுதாகப் படிக்காமலே எல்லாவற்றையும் செலக்ட் செய்து, ஃபார்மேட்டிங்கை ஒரே கிளிக்கில் நீக்கினேன். தலைப்பை போல்டு ஆக்கி, வரிசை எண் போட்டு, பிரிண்ட் எடுத்து லைனில் ஒட்டினேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சரக்கு ஏற்றும் நாள் வந்தது. பாதிப் பெட்டிகள் லாரியில் ஏறிவிட்டன. அப்போது செக்கிங்கில் வேலை செய்யும் என் வயதுப் பெண் ஒருவர், ஒரு சட்டையோடு என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்க மேடம், கழுத்துல நாடா வெச்சிருக்குதுங்களே? எம் புள்ளைக்கு ஏழு மாசமுங்க. நானா இருந்தா இதைப் போட்டுடவே மாட்டனுங்க. இறுக்கிக்கிட்டா என்னங்க பண்றது?"

"பையர் கேட்டதுதானுங்க" என்றேன். அவருக்குக் காட்டத்தான், மெயிலில் பையர் அனுப்பியிருந்த பழைய ஃபைலைத் திறந்தேன்.

கழுத்து நாடா பற்றிய வரியின் குறுக்கே ஒரு கோடு. வேண்டாம் என்று அடித்திருக்கிறார்கள். நிறங்களோடு சேர்த்து அந்தக் கோட்டையும் நான் துடைத்திருக்கிறேன்!

வெளியே அடுத்த பெட்டியை ஏற்றும் சத்தம். லைனில் ஒட்டிய தாளில் என் பெயர் இல்லை. வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் சட்டையை என் முன்னால் நீட்டிக்கொண்டே நின்றார். வாசலுக்கு ஓடினேன்.

"ஏத்தறத நிறுத்தச் சொல்லுங்க சார், தப்பு என்னோடதுங்க" என்று லாரியருகே நின்ற முதலாளியிடம் மூச்சுவாங்கச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது.

"படிக்காமயாங்க ஒட்டுனீங்க?" என்றார். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம். பிறகு லாரிப் பக்கம் திரும்பி, "எல்லாப் பொட்டியும் எறக்குங்கப்பா" என்றார்.

லாரி காலியாகத் திரும்பியது. நடந்ததை மறைக்காமல் பையருக்கு எழுதச் சொன்னார் முதலாளி, எழுதினேன். அடுத்த நான்கு நாட்கள் செக்கிங் பெண்களோடு தரையில் உட்கார்ந்து நாடாக்களை உருவினேன். வேலை போகவில்லை. யாரும் திட்டவுமில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

அந்தக் கோட்டைப் போட்டவருக்கு எங்கோ ஒரு குழந்தையின் கழுத்து கண்ணில் பட்டிருக்கிறது. எனக்குத் தாளின் அழகு மட்டும்தான் பட்டது என்ற வெட்கம், இன்றைக்கும் ஒரு வரியை அழிக்கப் போகும்போதெல்லாம் என் விரலைப் பிடித்து நிறுத்துகிறது.