இருபது நிமிடம் முந்திய சங்கு

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியின் சங்கு ஊர் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் ஊதும். வாணியம்பாடியிலிருந்தும் சுற்றுவட்டத்திலிருந்தும் ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறவர்கள் தாமதிக்கக் கூடாதென்று எந்தக் காலத்திலோ ஒரு முதலாளி செய்துவைத்த ஏற்பாடு. விஷயம் வெளியே தெரிந்து, எல்லோருமே மனசுக்குள் இருபதைக் கழித்துக்கொண்டார்கள். யாராவது மணி சொன்னால், "கம்பெனி டைமா, மசூதி டைமா?" என்று கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். அரைத்தூக்கத்தில் அந்தச் சங்கு எனக்கு இப்போதும் கேட்கிறது. பசையும் தோலும் கலந்த வாசனை கூடவே வரும். அதற்குப் பின்னால் பாய் வருவார்.

கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவர் அவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் போல எனக்கும் பாய்தான். லீவு கேட்கவும் ஷிஃப்ட் பார்க்கவும் ஒரு செயலியை அங்கே பொருத்துவதற்காக, சத்துவாச்சாரியில் இருந்த எங்கள் சின்ன ஆபீஸ் என்னை அனுப்பியிருந்தது. தொழிலாளி தன் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினால், செயலி அதைக் கம்பெனியின் லாகின் சர்வரிடம் கொண்டுபோய்ச் சரியா என்று கேட்கும். அந்தப் பேச்சைப் பூட்டியும் அனுப்பலாம், திறந்தும் அனுப்பலாம். பூட்டி அனுப்ப வேண்டுமென்றால் சர்வர் முதலில், தான் யார் என்பதற்குத் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து செயலி அதை ஏற்க மறுத்தது. 'இணைக்க முடியவில்லை' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாய் சர்வரில் புதுச் சான்றிதழ் செய்வார், நான் உடனே சோதிப்பேன், தோற்கும். போர்ட் எண்ணை மாற்றினோம், சர்வரின் பெயரை மாற்றி எழுதினோம், மறுபடி புதுச் சான்றிதழ். ஐந்து தடவை.

எனக்குப் பொறுமை கம்மி. பூட்ட வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் இருந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த நொடியே வேலை முடிந்தது. மேனேஜரும் எட்டிப் பார்த்து, "ரெண்டு மணிக்குள்ள ஓடலைன்னா அந்த டிக்க எடுத்துட்டு ஓட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் கம்பெனி இரண்டு மணி. நான் மவுஸை அங்கே கொண்டுபோனதும் பாய் திரையைக் கையால் மறைத்தார்.

"வேணாம்கா. போன தடவ எடுத்தது நான்தான்."

பழைய செயலியில் ஒரு வாரத்துக்கு என்று எடுத்தவர், அப்படியே விட்டுவிட்டார். திறந்து போவதைப் படிக்கத் தெரிந்த ஒருவன், தையல் பிரிவில் தனக்கு ஆகாத ஓர் அம்மாவின் பாஸ்வேர்டைப் பிடித்து, அவர் பெயரில் ராஜினாமா அனுப்பிவிட்டான். உன் பாஸ்வேர்டுதானே என்று சொல்லி அந்த அம்மாவை வெளியே அனுப்பினார்கள். பாய் அலையாய் அலைந்து உண்மையை நிரூபிக்கச் சில மாதங்கள் ஆயின. பிறகு வீட்டுக்கே போய்த் திரும்ப வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "இனிமே என் பாஸ்வேர்டு எவன் கண்ணுலயும் படாதுன்னு சொல்லு தம்பி, வர்றேன்," என்றாராம் அந்த அம்மா. பாய் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வெள்ளிக்கு மறுநாள் காலைதான் அவர் வேலைக்குத் திரும்பி வருவதாக இருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

ஆறாவது சான்றிதழை பாய் செய்துமுடித்த நிமிடம் ஜும்மா இடைவேளைக்குச் சங்கு ஊதியது. சோதித்தேன், தோற்றது. "எதையும் தொடாதீங்கக்கா, தொழுதுட்டு வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவ்வளவு பெரிய கட்டடத்தில் மின்விசிறிகள் சுற்றுவது மட்டும் கேட்டது. ஜன்னலில் தலைசாய்த்தவள் கண்ணயர்ந்துவிட்டேன். பாலாற்று மணலில் நான் நடப்பதும், தூரத்தில் ஓர் அம்மா சாப்பாட்டுப் பையோடு நிற்பதும், எவ்வளவு நடந்தும் நான் அவரிடம் போய்ச் சேராததுமாக ஏதேதோ வந்தது. நடுவில் மசூதியின் பாங்கு கேட்டது. அது கனவிலா, வெளியிலா என்று இன்றைக்கும் தெரியாது.

எழுப்பியது பாய். "இன்னொரு தபா பாருங்கக்கா." அரைத்தூக்கத்தோடு தட்டினேன். திறந்துகொண்டது.

"தானா சரியாய்டுச்சு, விடுங்க பாய்."

"தானா சரியானது தானா கெட்டும் போவும்கா," என்று சான்றிதழைத் திறந்து பார்த்தார். ஒரு மணியிலிருந்து செல்லும் என்று அதில் இருந்தது. அவர் அதைச் செய்தது பன்னிரண்டு நாற்பதுக்கு. பாய் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். சங்கை ஊதவைப்பதே அந்த சர்வர்தான். அது கம்பெனி டைமில் ஓடிக்கொண்டிருந்தது. என் கம்ப்யூட்டர் ஓடியது மசூதி டைமில். சர்வர் தந்த ஒவ்வொரு சான்றிதழும் என் பக்கத்தில் இன்னும் இருபது நிமிடம் கழித்துத்தான் செல்லும். அந்த இருபது நிமிடம் பொறுக்காமல் புதிது புதிதாகச் செய்துகொண்டே இருந்தோம். சர்வரின் கடிகாரம் காலையிலிருந்து பாயின் கண்ணெதிரேதான் இருந்தது. பழக்கத்தில் மனசே இருபதைக் கழித்துவிட்டது.

அன்று மாலை கடிகாரத்தைத் திருத்தினார். மறுநாள் பழைய கணக்கில் வந்த மொத்தக் கம்பெனியும் கேட்டில் இருபது நிமிடம் நின்றது. "இன்னா பாய், சங்கு தூங்கிப்போச்சா?" என்று கிண்டல். கூட்டத்தில் நின்றிருந்த அந்த அம்மாதான் முதலில் உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானையை விரித்து கீபோர்டை மூடினார். வாக்குக் கொடுத்த பாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பினேன்.

போன மாதம் பஸ்ஸில் ஆம்பூரைத் தாண்டும்போது சங்கு ஊதியது. ஃபோனைப் பார்த்தேன், சரியான நேரம்தான். ஆனாலும் மனசு இருபதைக் கழித்தது. இன்றும் என் பக்கத்தில் யார் பாஸ்வேர்டு தட்டினாலும் நான் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுவிடுவேன். ஆபீஸில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். முதுகுக்குப் பின்னால் கீபோர்டு சத்தம் கேட்கும்போதெல்லாம், அந்த அம்மா வேலைக்குத் திரும்பி வருகிறார்.